பினாங்கில் வாத்தியார் வேலை: ஆஃபர் லெட்டர் தொடங்கி முதல் தைப்பூசம் வரை

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கி கிராப் காரில் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அண்ணே, இந்தியாவா?" என்று தமிழில் கேட்டார். அதுவரை வயிற்றில் இருந்த பயம் அந்த நிமிடமே போய்விட்டது. போயிருக்கக் கூடாது. அடுத்த ஆறு மாதத்தில் நான் செய்த தவறுகளில் பாதி, "இங்கேதான் தமிழ் இருக்கிறதே, நம்ம ஊர் மாதிரிதானே" என்ற நினைப்பில் செய்தவை.

இப்போது ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக ஆறாவது ஆண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலை கிடைத்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன். கோலாலம்பூருக்குப் போகிறவர்களுக்கும் பாஸ் (வேலை அனுமதி), வரி, வாடகை விதிகள் இவையேதான். பஸ்ஸும் பேட்டையும்தான் மாறும்.

1. ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும்

ரிங்கிட்டை ரூபாயால் பெருக்கிப் பார்ப்பீர்கள். பார்த்து முடித்துவிட்டு வாருங்கள், வேலை இருக்கிறது.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிப்பது பள்ளியின் பொறுப்பு. பாஸ் சம்பளத்தை வைத்து மூன்று வகையாகப் பிரிகிறது. எத்தனை காலத்துக்குக் கிடைக்கும், குடும்பத்தை அழைத்து வரலாமா என்பதெல்லாம் அந்த வகையைப் பொறுத்தது. ஆகவே "என் பாஸ் எந்த கேட்டகரி?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். மனைவியோ கணவரோ டிபெண்டன்ட் பாஸில் வந்தால் அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. அவருக்கென்று தனியாக வேலை அனுமதி வேண்டும். இதை வந்து இறங்கிய பிறகு தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு.

இன்னொரு காகிதம் 'பெர்மிட் மெங்காஜார்', அதாவது பாடம் நடத்தும் அனுமதி. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆசிரியராகவோ இந்த அனுமதி உள்ளவராகவோ இல்லாமல் வகுப்பில் நிற்கக் கூடாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் குடிநுழைவுத் துறையின் காகிதம், இது கல்வித் துறையின் காகிதம். ஒன்று இருந்தால் மற்றது வந்ததாக ஆகாது.

சான்றிதழ்களில் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். என் டிகிரியில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து, அப்பாவின் முழுப்பெயராகிக் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பி.எட். சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பள்ளியின் எச்ஆரில் இருந்த பெண்மணி மிகப் பணிவாக, "இந்த மூவரும் யார்?" என்று கேட்டு எழுதியிருந்தார். நோட்டரியிடம் போய், மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் வாங்கி அனுப்புவதற்குள் இரண்டு வாரம் போயிற்று. நீங்கள் அதை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கும் போலீஸ் கிளியரன்ஸ், முந்தைய பள்ளிகளின் அனுபவச் சான்று, எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் கூடவே இருக்கட்டும். எந்தச் சான்றிதழுக்கு எந்த அலுவலக முத்திரை வேண்டும் என்பதையும் எச்ஆரிடமே கேளுங்கள். ஏஜென்ட்டிடம் கேட்டால் எல்லா முத்திரையும் வேண்டும் என்பார், ஒவ்வொன்றுக்கும் காசு.

2. டூரிஸ்ட்டாக வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் மலேசியாவில் தங்கலாம் என்ற சலுகை இருக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. "அதில் வந்து வேலையை ஆரம்பித்துவிடுங்கள், பாஸ் பின்னால் வரும்" என்று சொல்லும் இடம் எதுவானாலும் அந்த வேலை வேண்டாம். பிடிபட்டால் தடுப்புக் காவலில் உட்காரப் போவது நீங்கள்தான். பாஸ் அனுமதிக் கடிதமும் 'விசா வித் ரெஃபரன்ஸ்' என்ற நுழைவு விசாவும் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

புறப்படும் முன் மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் அரைவல் கார்டை இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. காசு கேட்கும் தளம் வந்தால், தப்பான தளத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

3. பெட்டியில் என்ன

அரிசி, புளி, சாம்பார் பொடி மூட்டை கட்ட வேண்டாம். லெபோ பாசார், லெபோ பினாங்கு தெருக்களில் நடந்தால் கறிவேப்பிலை முதல் கோலமாவு வரை கிடைக்கும். அதற்கு ஆகும் எடையில் பிளக் அடாப்டர் நாலு எடுத்து வாருங்கள். இங்கே சுவரில் இருப்பது தட்டையான மூன்று கால் கொண்ட பிரிட்டிஷ் வகை, நம் உருண்டைக் கால் நுழையாது. முதல் இரவு லேப்டாப் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தவன் சொல்கிறேன்.

கார் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஊரிலேயே ஆர்டிஓவில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிவிடுங்கள். இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஹாரன் அடிக்கும் பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

4. முதல் வாரம்

சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட் போதும். வங்கிக் கணக்குக்குப் போதாது. பாஸ் கையில் வர வேண்டும், பள்ளியிலிருந்து கடிதமும் வேண்டும். இதற்குள் முதல் மாதச் சம்பளத் தேதி வந்துவிடலாம். கணக்கு திறக்கும் வரை சம்பளம் எப்படித் தருவார்கள் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். கணக்கு வந்ததும் டச் அண்ட் கோ ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கடைகளில் ஜிபே இருக்கும் இடத்தில் டூயிட்நவ் கியூஆர் இருக்கிறது, நாலே நாளில் பழகிவிடும். அப்புறம், ரிங்கிட் என்பது செய்தித்தாள் சொல். கடையில் தமிழர் கேட்பது "பத்து வெள்ளி."

பாஸ்போர்ட்டின் நகலை எப்போதும் பையில் வைத்திருங்கள், மூலத்தை வீட்டில் பூட்டி வையுங்கள். அதைப் பள்ளி "பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்" என்றால், பாஸ் வேலைக்காகச் சில நாள் தரலாம். நிரந்தரமாகத் தர வேண்டாம்.

5. வீடு

நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம் இது. முதல் மாதம் பள்ளி தரும் அறையிலோ விடுதியிலோ இருந்துகொண்டு தேடுங்கள்.

முதலில் பேட்டை. தீவு சின்னதுதானே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் பள்ளி என்றால் கடலோரச் சாலை ஒன்றுதான் வழி, காலையில் அது நகராது. பாயான் லெபாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வாடகை குறைகிறதே என்று அங்கே வீடு எடுத்துவிட்டு வடக்கே போய் வேலை செய்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது கிராப்புக்குப் போய்விடும். பள்ளியிலிருந்து ராப்பிட் பினாங்கு பஸ் ஒன்றில் வந்து சேரும் தூரத்துக்குள் பாருங்கள். இது நான் இரண்டாவது வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது பணம். வாடகை 1,800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத டெபாசிட் 3,600. தண்ணீர், மின்சாரத்துக்கு என்று அரை மாதம் 900. முதல் மாத வாடகை முன்பணமாக 1,800. ஆக, சாவி வாங்குவதற்கு முன்பே 6,300 ரிங்கிட் எடுத்து வைக்க வேண்டும். ஒப்பந்த முத்திரைக் கட்டணம் தனி. பெரும்பாலோருக்கு முதல் சம்பளத்தில் இது முடியாது. ஊரிலிருந்து கொண்டு வாருங்கள், இல்லையென்றால் பள்ளியில் முன்பணம் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் 'டிப்ளமாடிக் கிளாஸ்' என்று ஒரு பிரிவு கேட்டு வாங்குங்கள். வேலை போனாலோ நாட்டை விட்டுப் போக நேர்ந்தாலோ, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை நடுவில், டெபாசிட்டை இழக்காமல் முடித்துக்கொள்ள அது வழி செய்யும். ஒப்பந்தம் வரி வாரியத்தில் முத்திரை பெற்றதா என்றும் பாருங்கள். ஏஜென்ட்டிடம் 'ரென்' என்ற பதிவு எண் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் கழுத்தில் அட்டையே தொங்கும்.

கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாடகை விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தால், சில இடங்களில் முதல் கேள்வியே "என்ன இனம்?" என்பதுதான். "இந்தியர்" என்றதும் "வீடு போய்விட்டது" என்பார்கள். என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். உள்ளூர்த் தமிழர்கள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பதில் அது. நான் செய்தது: போன் பேசுவதை விட்டுவிட்டுப் பள்ளி சக ஊழியர்களிடம் சொல்லி வைத்தேன். வீடு காலி செய்துவிட்டு ஊருக்குப் போகும் ஆசிரியரின் வீட்டுக்காரரே, அடுத்த ஆசிரியரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார். இப்போது இருக்கும் வீடு அப்படி வந்ததுதான்.

சாவி வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு குழாயும், ஏர்கானுக்குக் கீழே இருக்கும் ஈரக் கறையும், சோஃபாவின் கிழிசலும் போட்டோவாக வேண்டும். எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். என் முதல் வீட்டில் அப்படி அனுப்பவில்லை. காலி செய்தபோது, நான் வருவதற்கு முன்பே படுக்கையறைச் சுவரில் இருந்த உள்ளங்கை அகலப் பூஞ்சைக் கறைக்காக 700 ரிங்கிட் பிடித்தார்கள். கறை எனக்கு முன்பே இருந்தது என்பதற்கு என் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

ஒரு சின்ன இனிப்பு: சாமான் பட்டியல் மலாயில் இருந்தால் பயப்படாதீர்கள். 'காத்தில்' என்றால் கட்டில். 'பெத்தி செஜூக்' என்றால் குளிர்ந்த பெட்டி, ஃபிரிட்ஜ். 'கெடாய்' கடை, 'கப்பல்' கப்பலேதான். பாதி வேலையை நம் முன்னோர்கள் எப்போதோ செய்து வைத்திருக்கிறார்கள்.

6. வரி: முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து மயங்காமல் இருக்க

ஆகஸ்டில் சேர்ந்தேன். முதல் சீட்டில் சம்பளத்தின் 30 சதவீதம் காணவில்லை. அக்கவுண்டன்ட் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று நேரே போய் நின்றேன். தவறு இல்லை.

மலேசியாவில் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் 'ரெசிடென்ட்'. படிப்படியாக ஏறும் வரி, கழிவுகள் எல்லாம் உண்டு. இல்லையென்றால் 'நான் ரெசிடென்ட்'. முதல் ரிங்கிட்டிலிருந்தே நேராக 30 சதவீதம். ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை எண்ணினால் 153 நாள்தான். ஜூலை 3-க்குப் பிறகு வருகிற எவருக்கும் அந்த ஆண்டில் 182 தேறாது. மாதம் 6,000 ரிங்கிட் சம்பளக்காரருக்குப் பிடித்தம் 1,800, அதாவது ஒரு மாத வீட்டு வாடகை. இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

ஆனால் சட்டத்தில் ஒரு நல்ல கதவு இருக்கிறது. நீங்கள் வந்த ஆண்டின் கடைசி மாதங்கள், அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாளோ அதற்கு மேலோ இருக்கும் காலத்தோடு சேர்ந்தாற்போல் வந்தால், முதல் ஆண்டுக்கும் ரெசிடென்ட் என்று கோரலாம். அதிகமாகப் பிடித்த பணம் திரும்பி வரும். இதில் தவறு செய்கிற இடம் டிசம்பர் விடுமுறை. சொந்த விஷயமாக வெளிநாடு போகும் நாட்கள் மொத்தம் 14-ஐத் தாண்டாதவரை தொடர்ச்சி அறுந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணம், காதுகுத்து என்று மூன்று வாரம் ஊரில் உட்கார்ந்தால் அந்தக் கோரிக்கை ஆட்டம் கண்டுவிடும். டிக்கெட் எடுக்கும் முன் பள்ளி அக்கவுண்டன்ட்டிடம் நாட்களைச் சொல்லி ஒரு வார்த்தை கேளுங்கள். போர்டிங் பாஸ்களையும் பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுப் பணியாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம்: நம்மிடமிருந்து 2 சதவீதம், பள்ளியிடமிருந்து 2 சதவீதம். சின்னத் தொகைதான், ஆனால் அந்தக் கணக்கு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. வகுப்பறை

முதல் நாள் வருகைப் பதிவேட்டிலேயே நான் மூன்று தரம் வழுக்கினேன். 'கவிதா ஏ/பி' என்று இருந்ததைப் பார்த்து, "கவிதா ஏ.பி." என்று இனிஷியலாகப் படித்தேன். வகுப்பு சிரித்தது. ஏ/பி என்றால் 'அனாக் பெரெம்புவான்', இன்னாரின் மகள். ஏ/எல் என்றால் 'அனாக் லெலாக்கி', மகன். மலாய்ப் பெயர்களில் இதே வேலையை பின், பிந்தி செய்யும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். 'டான் வெய் மிங்' என்ற பையனை "டான்" என்று கூப்பிட்டேன், நாலு பேர் எழுந்தார்கள். அவனைக் கூப்பிட வேண்டியது வெய் மிங் என்று. பட்டியல் கைக்கு வந்ததுமே, உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் எல்லாப் பெயரையும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழுக்கல் நம் ஆங்கிலம். பாடம் முடித்து "எனி டவுட்ஸ்?" என்றேன், ஒரு கையும் எழவில்லை. இரண்டு வாரம் பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு 'டவுட்' என்றால் சந்தேகப்படுவது, நம்பாமல் இருப்பது. ஆசிரியரை எதற்கு நம்பாமல் இருக்க வேண்டும்? "கொஸ்டியன்ஸ்?" என்று மாற்றியதும் கை எழுந்தது. லேக், குரோர் இரண்டையும் மறந்துவிடுங்கள். அவர்கள் "கேன் லா" என்றால் சரி என்று அர்த்தம், மரியாதைக் குறைவு இல்லை.

மாணவரைத் தொடுவது, தலையில் தட்டுவது, விளையாட்டாகக் காதைப் பிடிப்பது எதுவும் கூடாது. ஊரில் செல்லமாக எடுத்துக்கொள்வது இங்கே புகார்ப் படிவம். விரலால் சுட்டிக் கூப்பிடாதீர்கள்; மலாய்க்காரர்கள் கையை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார்கள், அதைப் பழகிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறை மைக்ரோவேவில் ஹலால் இல்லாததைச் சூடு பண்ணக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கூட்டம் வைக்கவும் கூடாது. ஒரு ஆசிரியர் எடுத்துச் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை.

உடம்பு சரியில்லை என்றால் போன் செய்து லீவு சொன்னால் மட்டும் போதாது, 'எம்சி', அதாவது மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பள்ளியின் பேனல் கிளினிக் பட்டியலை முதல் வாரமே வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இரண்டாம் நாளும் இறங்காவிட்டால் டெங்கு சோதனைக்குப் போங்கள், ஊர்க் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

அப்புறம் டியூஷன். நீங்கள் தமிழ் பேசும் சயின்ஸ் வாத்தியார் என்று தெரிந்த மறுநாளே யாராவது வருவார்கள்: "சார், என் மகனுக்கு எஸ்பிஎம்-க்கு இயற்பியல் சொல்லித் தர முடியுமா, காசு பிரச்சினை இல்லை." எஸ்பிஎம் என்பது இங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு. மறுப்பது கஷ்டமாக இருக்கும். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும்தான். காசு வாங்கி வெளியில் பாடம் எடுத்தால் பாஸே போகலாம். நான் இதை அப்படியே சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

8. தமிழோடு பழகுவது

இங்கே தமிழ் வகுப்பு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-இலேயே தொடங்கியது. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால், இந்த ஊர்த் தமிழரிடம் "தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்று பாராட்டும் தவறைச் செய்ய மாட்டீர்கள். நான் செய்தேன். போதாததற்கு "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்றேன். பக்கத்து வீட்டு அக்கா, "சுங்கை பட்டாணி" என்றார். அது பக்கத்து கெடா மாநிலத்து ஊர். "இல்லை, அதுக்கு முன்னாடி?" என்றேன். "அதுக்கு முன்னாடியும் சுங்கை பட்டாணிதான் தம்பி" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். சாதியைத் தோண்டும் கேள்விகளையும் இப்படி ஊர் கேட்பதற்குள் ஒளித்துக் கேட்காதீர்கள், அவர்களுக்குப் புரியும்.

மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், 'தே' என்று சொன்னால் கண்டென்ஸ்ட் மில்க் ஊற்றி வரும். பால் வேண்டாம் என்றால் 'தே ஓ'. பால், சர்க்கரை இரண்டுமே வேண்டாம் என்றால் 'தே ஓ கோசோங்'. இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் கூடவே 'குராங் மானிஸ்' சேருங்கள். நாசி கண்டாரில் (சோறும் குழம்புகளும் விற்கும் கடை) எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றச் சொல்ல 'பஞ்சிர்', வெள்ளம் என்று அர்த்தம். பெரிய இறாலையும் கணவாய் முட்டையையும் தட்டில் வைக்கச் சொல்வதற்கு முன் விலை கேளுங்கள். தமிழ் முஸ்லிம் கடைதான், அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனாலும் கேளுங்கள்.

தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை, லீவு போட வேண்டியதில்லை. முந்தைய நாள் ரதம் புறப்படும்போது வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள், மலை மலையாக. பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள், கிராப் உள்ளே வராது. தூரத்திலேயே இறங்கிக் கூட்டத்தோடு நடங்கள். மேலே முருகனைப் பார்க்க 513 படி. வெயில் ஏறுவதற்கு முன், விடியலில் ஏறுவது நல்லது. வழிநெடுகத் தண்ணீர் பந்தல் இருக்கும், தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டாம். செருப்பு எங்கே விட்டோம் என்று மட்டும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.